மூன்று ஷிப்ட் தாங்கும் குழம்பு

என் கணவர் மீன் கழுவுகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே இந்தியாவுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

செய்தியைச் சொன்னதும் அவரேதான். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் ஸ்ரீபெரும்புதூர் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து போன் வரும். "இன்னைக்கு ஆசாம் பெடாஸ் வச்சேன். மீனை நானே கழுவினேன். பையனுங்க சட்டியை வழிச்சிட்டானுங்க" என்றார். குரலில் அப்படி ஒரு குதூகலம். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் சாப்பிட்ட தட்டை எடுத்துத் தொட்டியில் போடாத மனிதர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் பிளாஸ்டிக் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, பொருத்துகிறவர். அதே முதலாளிகள் ஒரகடம் பக்கம் புதிதாக ஒன்று தொடங்கியபோது, அங்கே இருக்கும் பையன்களுக்குப் பழக்கிவிட ஒரு வருடத்துக்கு அனுப்பினார்கள். வருடம் முடியப் போகிறது. இப்போது இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நான் போகிற வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் விருப்பம் உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்று எழுத வைக்கத்தான் நான் கிளம்பினேன். மகன் கோலாலம்பூரில் படிக்கிறான். வெறும் வீட்டில் ஒற்றை ஆளாக இன்னும் இரண்டு வருடம் என்னால் முடியாது.

ஆசாம் பெடாஸ் என்பது புளியும் மிளகாயும் முந்துகிற மீன் குழம்பு. நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளில் பக்கத்துக் கதவு மலாய்க்கார அம்மாவிடம் என் அம்மா கற்றது, அம்மாவிடம் நான் கற்றது. யார் கேட்டாலும் பக்குவம் சொல்வேன். ஆனால் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வேன். பெலாச்சானை, அதாவது எங்கள் ஊர் இறால் கட்டியை, அரைப்பதற்கு முன் வெறும் கல்லில் சுட வேண்டும் என்பதை என் சொந்த நாத்தனாருக்குக்கூட இன்றுவரை சொன்னதில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை சென்னையில் இறங்கினேன். கம்பெனி வேன் வந்திருந்தது. படப்பை வரும்வரை ஒழுங்காக வந்த வேன், கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். பின்னால் போய் இன்னொரு டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்டெப்னியும் புஸ்ஸு மேடம்" என்றார், யாரோ வேறு ஆள் செய்த காரியம்போல.

எங்கள் ஊரிலும் டயர் பஞ்சராகும். ஆனால் அங்கே டிரைவர் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் இருக்கும். இவர் எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்திப் பெட்டியை மேலே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேர். டிரைவரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் தொங்கினார்கள். என் மடியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் காய்கறிப் பை.

"எந்தக் கம்பெனி?" என்று அவள் கேட்டாள். எங்கள் பக்கம் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள். இந்தச் சாலையில் எல்லாரும் எல்லாரிடமும் கம்பெனியைத்தான் கேட்கிறார்கள். வெளியே பார்த்தால் கொஞ்ச தூரம் நெல் வயல், அப்புறம் நீள மதில், மறுபடி வயல், மறுபடி மதில். மதிலுக்குள் என்ன செய்கிறார்கள் என்று மதில்மேல் எழுதியிருக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் அவர் குடியிருந்தது ஒரு விவசாயக் குடும்பத்தின் மாடி. கம்பெனி கொடுத்த விருந்தினர் விடுதியில் ஒரு மாதம்கூடத் தங்காமல், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் இருந்த மாடிக்கு இவராகவே வந்து சேர்ந்திருந்தார். ஒரு அறையில் இவர், ஒரு அறையில் அவர்கள், நடுவில் ஒரு பம்ப் ஸ்டவ் சமையலறை. நான் படியேறியபோது லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் மெலிந்து களையாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெண்டாட்டியைப் பிரிந்திருக்கிற ஆள் கொஞ்சமாவது வாடியிருக்க வேண்டாமா?

"வாங்க மதினி, பிரயாணம்லாம் சொகமா?" என்று பையன்கள் எழுந்து நின்றார்கள். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் நான் மதினி. அவர்களில் இசக்கி என்பவன்தான் இளையவன். எதற்கெடுத்தாலும் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றான். பார்த்த உடனே அவனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மறுநாள் ஞாயிறு. காலை ஐந்து மணிக்கே அவரும் இசக்கியும் வண்டியில் படப்பை போய்க் கானாங்கெளுத்தி வாங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் கெம்போங் என்கிற அதே மீன்தான். நான் எழுந்து சமையலறைக்குள் போனேன்.

"நீ உட்காரு. விருந்தாளி" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசல்படி ஓரமாகப் போட்டார் என் கணவர்.

விருந்தாளி! உட்கார்ந்தேன். லெங்குவாஸ் என்கிற இஞ்சி மாதிரிக் கிழங்கு கிடைக்காத ஊரில் மாங்காய் இஞ்சியை நறுக்கிப் போட்டார். எலுமிச்சை இலைக்குப் பதில் வீட்டுக்காரம்மா கொல்லையிலிருந்து நார்த்தை இலை. செரை என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சைப்புல்லை ஊரிலிருந்தே வேரோடு கொண்டுவந்து பெயின்ட் டப்பாவில் வளர்த்திருந்தார். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கல்லைக் காயவைத்துப் பெலாச்சானைச் சுட்டார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இதை யாரு உங்களுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ ஜன்னலைச் சாத்துவ. நான் ஹால்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பேன். வாசம் வரும். ரெண்டு நிமிஷம் கழிச்சு அரைக்கிற சத்தம் கேக்கும்."

பத்தொன்பது வருடம் பேப்பர் படித்திருக்கிறார் என்று நினைத்தேனே! ஒவ்வொரு வாசமாக, ஒவ்வொரு சத்தமாக எடுத்து வைத்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்குத் திருட்டுப் போனது போல் இருந்தது. அதுவும் எனக்கு வைத்துக் கொடுக்கவா கற்றார்? நாலு ஊரான் பிள்ளைகளுக்கு!

குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மாங்காய் இஞ்சியின் மணம் புளியோடு சேர்ந்து எங்கேயோ கொண்டுபோயிற்று. "உப்பு கம்மி" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. பையன்கள் மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்கள். சமைத்தவர் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது அந்த மாடியின் விதியாம். எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அவர் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சட்டிச் சோறு என்னுடையது.

திங்கட்கிழமை அந்த மாடியின் மற்ற விதிகளும் பிடிபட்டன. இரண்டு பேருக்குக் காலை ஆறு மணி ஏ ஷிப்ட், ஒருவனுக்கு மதியம் பி, இசக்கிக்கு இரவு முழுக்க சி. பாய் மூன்றுதான். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான். பிரிட்ஜ் கிடையாது. ஒரு தடவை வைத்த குழம்பு, போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் அவரவர் நேரத்துக்கு ஆக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு சி ஷிப்ட் முடிந்து வருகிறவன்தான் கடைசிப் பந்தி.

"அண்ணாச்சி கொழம்பு மூணு ஷிப்டும் தாங்கும் மதினி. கெட்டே போவாது" என்றான் இசக்கி. ஏதோ அவனே கண்டுபிடித்தது போல் பெருமை.

கீழே வீட்டுக்காரம்மா தனம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, இந்த மாதிரி மனுசன எங்க புட்ச்ச? என் வூட்டுக்காரன் இத்தினி வருசத்துல ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்ல. நீ குட்த்து வெச்சவ" என்றாள்.

"எனக்கும் கழுவி வச்சதில்ல" என்றேன். அவள் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை தனத்தோடு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு நீள லாரி திரும்ப முடியாமல் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. எங்கள் ஊரில் பினாங்குப் படகுக்குக் காத்திருக்கும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. இங்கே பஸ் நின்றால் பேச்சு புறப்படுகிறது. எனக்கு முன் சீட்டில் ஒரே நிறச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"மோல்டிங் லைன்ல ஒரு மலேசியா சார் கீறாரு பாரு, அவரு டிபன் பாக்ஸ தொறந்தா சூப்பர்வைசரே வந்து நிக்கிறான்டி" என்றாள் ஒருத்தி.

"அவரு பொண்டாட்டி செய்து குடுக்குதா?"

"அத்தெல்லாம் இல்ல. அவரே செய்றாராம்."

தனம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு நான் ஆக்கிப் போடுகிறேன்! ஒரு பஸ்ஸில்கூட என்னைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடைத்தெருவில் இறங்கியதும் முற்றின தேங்காயாக இரண்டு வாங்கினேன். நாளைக்கு நான் சமைக்கிறேன், இவர்களுக்குச் சமையல் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

புதன்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு சமையலறையைப் பிடித்தேன். அதே புளி, அதே மிளகாய், அதே மீன். ஆனால் இறக்கும்போது இரண்டு தேங்காயின் கெட்டிப் பால். பணக்காரக் குழம்பு. பெருநாளைக்குத்தான் வைப்பேன். மதியம் ஏ ஷிப்ட் முடிந்து வந்த இருவரும் முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மதினி, இது வேற கொழம்புலா! அண்ணாச்சி இதுக்கு முன்னால நிக்க முடியாது."

சாயங்காலம் அவர் வந்தார், சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். பத்தொன்பது வருடத்தில் நான் கேட்ட நாலைந்து நல்லாருக்குகளில் அது ஒன்று. பிறகு சட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் சொல்லாமல் விட்டுவிட்டார். இசக்கிக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து மூடி அலமாரியில் வைத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் காலை ஏழரை மணிக்கு இசக்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். ஒன்பது மணிக்கு எழுந்து ஓடினான். மறுபடி ஓடினான். பத்து மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். பால் திரிந்து நீர் பிரிந்திருந்தது. பத்தொன்பது வருடமாகப் பிரிட்ஜில் தூக்கி வைத்தே பழகிய கை. இந்த வெயிலில் தேங்காய்ப்பால் மறுநாள் காலைவரை நிற்குமா என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் போதும்.

"புளிப்பா இருந்திச்சேடா, தெரியலையா?" என்றேன்.

"புளிக் கொழம்புதான மதினி, புளிக்கத்தான செய்யும்னு நெனச்சேன்" என்றான். பிறகு மெதுவாக, "நீங்க எனக்குன்னு எடுத்து வச்சது. மிச்சம் வைக்கப்பிடாதுல்லா" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தனத்தோடு அவனை ஆட்டோவில் ஏற்றி ஒரகடம் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டு உப்பு நீர்ப் பொட்டலம் கொடுத்தார். வழி முழுக்க அவன் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். டிரெய்னியாம், ஏற்கெனவே ஒருநாள் லீவு ஆகிவிட்டதாம், இன்று ராத்திரியும் போகாவிட்டால் நிரந்தர லிஸ்டில் பெயர் இருக்காதாம். என் பொறாமைக்கு ஒரு பையனின் வேலையா விலை?

என் கணவருக்குச் செய்தி போய்ப் பாதி நாளில் வந்துவிட்டார். டாக்டர் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பக் கம்பெனிக்குப் போனார். சூப்பர்வைசரிடம் பேசி, இசக்கியின் இடத்தில் இன்னொரு பையன் நிற்கவும், இசக்கி அவனுக்குப் பதில் சனிக்கிழமை நிற்கவும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். லிஸ்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் இசக்கி தூங்கினான்.

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அரிசியைக் குழையவிட்டு, இஞ்சியைத் தட்டிப்போட்டு, நாங்கள் புபோர் என்று சொல்கிற கஞ்சி. இசக்கியை எழுப்பி உட்காரவைத்து, ஊதி ஊதிக் கொடுத்தார்.

அத்தனை குற்ற உணர்ச்சியிலும் எனக்கு எரிந்தது. சொன்னால் வெட்கம்தான், ஆனால் எரிந்தது.

"எனக்கு எத்தனை தரம் காய்ச்சல் வந்திருக்கும்? ஒருநாள் ஒரு கஞ்சி வச்சிக் குடுத்திருக்கீங்களா?" என்று அவர் சட்டி கழுவ வந்தபோது கேட்டேன்.

அவர் கையில் இருந்த சட்டியை வைத்தார். "நீ என்னை உள்ள விட்டியா?"

"நான் எப்போ தடுத்தேன்?"

"கல்யாணமான புதுசுல வெங்காயம் நறுக்கிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. துண்டு பருமனாக இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அத்தனையையும் மறுபடி பொடியாக நறுக்கினேன். சிரித்துக்கொண்டுதான் செய்தேன். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து, எதையும் கலைக்காதீங்க, நான் பாத்துக்கிறேன் என்பேன். அன்று வெங்காயத்தோடு வெளியே போன மனிதர் ஹாலில் பேப்பரைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். அவரைச் சோம்பேறி என்று நான் தெருவெல்லாம் சொன்னேன்.

"இங்க நான் நறுக்குறதும் கோணல்தான். யாரும் திரும்ப நறுக்கல" என்றார். அவர் வைத்த சட்டியை எடுத்து நான் கழுவினேன். அன்று இரவு படுத்தும் வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு கட்டம். இரண்டும் காலி. மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். ஊரிலிருந்து கிளம்பும்போது இந்தக் கேள்வியே என்னிடம் இல்லை.

"வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு. வந்து திரும்ப ஹால்ல உட்காரணும்னு நினைச்சாத்தான் கை வர மாட்டேங்குது."

நான் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆக்குகிறவள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. "ஞாயித்துக்கிழமை அடுப்பு உங்களுக்கு."

"நீ வாசப்படியில நின்னு பாக்கக் கூடாது."

"பாப்பேன்."

"பாரு. வாயைத் திறக்கக் கூடாது."

"அது கஷ்டம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். பேனாவை எடுத்து, விருப்பம் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டார். போடும்போது கை கொஞ்சம் நின்றது. அந்த நிற்றல் எனக்காக இல்லை, அறையில் படுத்திருந்தவனுக்காக என்று எனக்குத் தெரிந்தது. பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வேன் வந்தது. அவர் இன்னும் ஆறு வாரத்தில் வந்துவிடுவார், என்னை வழியனுப்ப விமான நிலையம்வரை கூடவே வருகிறார். பையன்கள் நாலு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இசக்கி முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் சீருடையில் நின்றான்.

"ஒடம்பப் பாத்துக்கடா" என்றேன். இந்த முறை மனசிலிருந்து வந்தது.

அவன் தலையாட்டினான். அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"ஒங்களுக்கென்ன மதினி, அண்ணாச்சி இனிமே ஒங்களுக்குத்தான் ஆக்கிப் போடுவாவ" என்றான். மற்ற மூன்று பேரும் அதே கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு நாளாக என் முகத்தில் இருந்தது அதுதான். பாவம் பிள்ளைகள் என்று நினைத்தேன். வேன் நகர்ந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டேன்.